மனசு போதுமா?

எங்கள் உப்பளத்துக்காரர்களுக்கு ஒரு பெருமை உண்டு. பாரதியார் பாடிய முத்துமாரி வேறு எந்த ஊர் மாரியும் இல்லை, இந்த உப்பளத்து தேசமுத்துமாரிதான் என்பார்கள். நீங்கள் புதுச்சேரிக்கு வந்து இதை மறுத்துப் பேசினால் மத்தியானம் சாப்பாடு கிடைக்காது. ஜாக்கிரதை!

ஆனால், நான் சொல்ல வந்தது பாட்டைப் பற்றி அல்ல, பூணூலைப் பற்றி.

பாரதி இங்கே இருந்தது 1908-லிருந்து 1918 வரை. அந்தப் பத்து வருஷத்தில் அவரைச் சுற்றி இருந்த இளைஞர்களில் ஒருவர் கனகலிங்கம். தாழ்த்தப்பட்ட வகுப்பில் பிறந்தவர். 1913-ல் பாரதி அவரைத் தன் வீட்டுக்கு வரவழைத்து, பூணூல் போட்டு, காதில் காயத்ரி மந்திரத்தை உபதேசம் செய்தார். பின்னாளில் கனகலிங்கம் ‘என் குருநாதர்’ என்று ஒரு புத்தகமே எழுதினார். இந்தக் கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். பள்ளிக்கூட ஆண்டு விழாவில் நாடகமாகக்கூடப் பார்த்திருப்பீர்கள்.

நாடகத்தில் விட்டுவிடுகிற ஒரு சங்கதி இருக்கிறது. அந்தக் காலகட்டத்தில் பாரதியே பூணூலைக் கழற்றிவிட்டிருந்தார் என்பார்கள். சாங்கியம், சம்பிரதாயம் இதையெல்லாம் தூக்கிப் போட்ட மனிதர். அப்படிப்பட்டவர் கனகலிங்கத்தின் தோளில் கை போட்டு, “தம்பி, இதெல்லாம் சும்மா நூல். உனக்கு நல்ல மனசு இருக்கு, அது போதும்” என்று சொல்லி அனுப்பியிருக்கலாமே? ஏன் அப்படிச் செய்யவில்லை? தான் விட்டுவிட்ட ஒன்றை, அந்தப் பையனுக்கு மட்டும் ஏன் முறைப்படி செய்து வைத்தார்?

இந்தக் கேள்வியைக் கொஞ்ச நேரம் அப்படியே ஓரமாக வையுங்கள்.

‘மனசு சுத்தமா இருந்தா போதும் சார், சாமிக்கு வேற என்ன வேணும்?’ இந்த வாக்கியத்தை நீங்கள் எத்தனை தடவை கேட்டிருப்பீர்கள்? எத்தனை தடவை சொல்லியிருப்பீர்கள்? கேட்க ரொம்ப அழகாக இருக்கும். ஆனால், இதை எப்போது சொல்கிறோம் என்று கவனித்துப் பாருங்கள். பெரும்பாலும் எதையோ செய்யாமல் விடும்போதுதான் சொல்கிறோம். விடியற்காலையில் எழுந்து குளித்துவிட்டு வருகிறவர் யாரும் ‘மனசு போதும்’ என்று சொல்லி நான் கேட்டதில்லை.

எதிர்க்கட்சியும் இருக்கிறது. ‘ஸ்வரம் தப்பினா மந்திரம் எதிரா வேலை செய்யும்’, ‘தர்ப்பை இந்தப் பக்கம் இருக்கணும்’, ‘ராகு காலத்துக்குள்ளே முடிக்கணும்’ என்கிற கட்சி. இவர்களிடம் மனசைப் பற்றிக் கேட்டால், அது என்னவோ ஆப்ஷனல் சப்ஜெக்ட் மாதிரி பார்ப்பார்கள்.

இரண்டு கட்சிக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட ஒரு குடும்பத்தைச் சொல்கிறேன். உப்பளத்தில் எனக்குத் தெரிந்த வீடு. அப்பா, பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ரிட்டயர் ஆனவர். புதுச்சேரி பாஷையில் ‘சொல்தா’. பிள்ளை பாரீஸில் வேலை. அப்பா போன பிறகு முதல் வருஷத் திதி வந்தது. பிள்ளைக்கு லீவு இல்லை. “வாட்ஸ்அப் வீடியோவுல ஐயர் சொல்லட்டும், நான் இங்கேருந்து செய்யறேன். இல்லேன்னா ஒரு முதியோர் இல்லத்துக்கு அப்பா பேர்ல ஒரு நாள் சாப்பாட்டுக்குப் பணம் கட்டிடறேன். மனசுதானேம்மா முக்கியம்?” என்றான். அம்மாவுக்குத் தொண்டை அடைத்துவிட்டது. “மொறைன்னு ஒண்ணு இருக்கேப்பா...” என்பதைத் தவிர அவரால் வேறு எதுவும் சொல்ல முடியவில்லை. அந்த அம்மாதான் என்னிடம் கேட்டார்: “நீங்க பேப்பர்ல எழுதறவராச்சே, சொல்லுங்க. யாரு சொல்றது சரி?”

நான் காமர்ஸ் படித்தவன். வேத விற்பன்னன் இல்லை. ஆனால், இதே வழக்கை சுமார் 1,800 வருஷமாக எழுத்து மூலமாகவே வாதாடிக்கொண்டிருக்கிற ஒரு கூட்டம் உலகத்தில் இருக்கிறது. யூதர்கள். அவர்கள் என்னதான் தீர்ப்புச் சொன்னார்கள் என்று கொஞ்சம் எட்டிப் பார்க்கலாம், வாருங்கள்.

கி.பி. 70-ல் ரோமானியர்கள் ஜெருசலேம் கோயிலை இடித்துத் தள்ளினார்கள். கோயில் போனதும் பலி கொடுக்கிற சடங்கு போயிற்று. அந்த இடத்தில் வாயால் சொல்கிற பிரார்த்தனை வந்து உட்கார்ந்தது. எத்தனை வேளை, எந்த நேரம், எந்த வார்த்தை, எப்படி நிற்க வேண்டும் என்று எல்லாவற்றுக்கும் விதி. தினம் மூன்று வேளை, கால்களைச் சேர்த்து வைத்து நின்றபடி சொல்கிற பிரார்த்தனைக்கு ‘பதினெட்டு’ என்றே பெயர். எண்ணிப் பார்த்தால் பத்தொன்பது இருக்கும்! பிற்காலத்தில் ஒன்று சேர்ந்துகொண்டது, பெயரை மட்டும் மாற்றவில்லை. நம்ம ஊர் ஆபீஸ் ஃபார்ம்கள் மாதிரி.

இந்த நிலையான விதிக்கு அவர்கள் வைத்த பெயர் ‘கெவா’. மனசு அதில் முழுசாகத் திரும்பி நிற்பதற்குப் பெயர் ‘கவானா’. ஒரு திசையை நோக்கித் திருப்புவது என்ற பொருளில் பிறந்த சொல். கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட அவர்களுடைய ‘மிஷ்னா’ என்ற சட்ட நூலிலேயே சண்டை ஆரம்பித்துவிடுகிறது. பிரார்த்தனையைக் கடனே என்று ஒரு வழக்கமாக ஆக்கிக்கொண்டவனுடைய பிரார்த்தனை, மன்றாட்டு ஆகாது என்கிறார் ஒரு ரபி. பழைய காலத்துப் பக்திமான்கள் பிரார்த்தனைக்கு முன்னால் ஒரு மணி நேரம் சும்மா காத்திருப்பார்களாம், மனசைத் திருப்புவதற்காக. நாம் கோயில் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே செல்போனில் பேசி முடிக்கிறோம், அதை விடுங்கள்.

அதில் எனக்கு ரொம்பப் பிடித்த கேஸ் ஒன்று. புத்தாண்டு அன்று அவர்கள் ஆட்டுக்கிடாக் கொம்பை ஊதுவார்கள். அதைக் கேட்பது கடமை. ஒருவன் ஜெப ஆலயத்துக்குப் பின்பக்கமாகத் தெருவில் போய்க்கொண்டிருக்கிறான். கொம்பு ஊதுகிற சத்தம் காதில் விழுகிறது. அவன் கடமை முடிந்ததா, இல்லையா? மிஷ்னா சொல்கிறது: மனசை அதில் செலுத்திக் கேட்டிருந்தால் முடிந்தது. இல்லையென்றால் இல்லை. அதே தெருவில் இரண்டு பேர் போகிறார்கள், இரண்டு பேர் காதிலும் ஒரே சத்தம்தான். ஒருவன் பிரார்த்தித்தவன், இன்னொருவன் வழிப்போக்கன்.

ஆஹா, அப்படியானால் மனசுக் கட்சிதான் ஜெயித்தது என்று துள்ளாதீர்கள். இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். மனசை எவ்வளவு செலுத்தினாலும், கொம்பே ஊதாமல் ‘ஊதினதா நெனச்சுக்கிட்டேன்’ என்றால் செல்லாது!

சரி, விதிப்படி எல்லாம் சொன்னான், ஆனால் மனசு எங்கேயோ போய்விட்டது. திரும்பவும் முதலிலிருந்து சொல்ல வேண்டுமா? முதல் பகுதியிலாவது மனசு இருந்தே ஆக வேண்டும், இல்லையென்றால் திரும்பச் சொல் என்பது பழைய சட்டம். 16-ஆம் நூற்றாண்டில் போலந்தின் கிராகோவ் நகரத்தில் இருந்த ரபி மோசே இஸர்லேஸ் அதற்கு ஒரு குறிப்பு எழுதினார். இந்தக் காலத்தில் மனசு இல்லாமல் போனதற்காகத் திரும்பச் சொல்வதில்லை, ஏனென்றால் இரண்டாம் தடவையும் மனசு இருக்கப்போவதில்லை என்று! மனுஷனைத் தெரிந்த ஆள். 450 வருஷத்துக்கு முன்பே ‘இந்தக் காலத்தில்’ என்று அலுத்துக்கொண்டிருக்கிறார், பாருங்கள்.

நம்ம பாரீஸ் பையனின் வழக்குக்கு நேரடியாகப் பொருந்துகிற யூதச் சடங்கு ‘கத்தீஷ்’. அப்பாவோ அம்மாவோ இறந்தால் 11 மாதம் தினமும் பிள்ளை சொல்ல வேண்டிய பிரார்த்தனை. அரமேய மொழியில் இருக்கிறது. சொல்கிற முக்கால்வாசிப் பேருக்கு அந்த மொழி தெரியாது. விசேஷம் என்னவென்றால், அதில் சாவைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கிடையாது. முழுக்கக் கடவுளைப் புகழ்வதுதான். இதைத் தனியாக உட்கார்ந்து சொல்லவும் முடியாது. பத்துப் பேர் கூடினால்தான் சொல்லலாம். மரபான வழக்கத்தில் பத்து ஆண்கள், 13 வயது தாண்டியவர்கள்.

இந்தப் பத்து என்ற எண் என்ன பாடு படுத்தும் என்பதைப் பார்க்க நீங்கள் இஸ்ரேல் போக வேண்டாம். கொச்சிக்குப் போனால் போதும். மட்டாஞ்சேரியில் 1568-ல் கட்டிய பரதேசி ஜெப ஆலயம். தரையில் சீனாவிலிருந்து கொண்டுவந்த, கையால் வரைந்த நீல வெள்ளை ஓடுகள், மேலே கண்ணாடி விளக்குகள், உள்ளே வேதச் சுருள்கள். எல்லாம் இருந்தது. 1948-ல் இஸ்ரேல் பிறந்ததும் கொச்சி யூதர்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கிளம்பிப் போய்விட்டார்கள். மிச்சமிருந்தவர்களில் பத்து ஆண்கள் தேறவில்லை. ஊர் சுற்றிப் பார்க்க வருகிற வெளிநாட்டு யூதர்களைச் சேர்த்துக்கொண்டால்தான் முறைப்படி பிரார்த்தனை. இருந்தவர்களுக்கு மனசு இல்லாமலா போயிற்று? ஒன்பது பேர் உருகி உருகி நின்றாலும் பத்து ஆகாது. கொடுமையான விதி என்று தோன்றுகிறது, இல்லையா? எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. பிறகு யோசித்தால், அப்பாவை இழந்தவன் 11 மாதம் தினமும் ஒன்பது பேர் முகத்தில் விழித்தே ஆக வேண்டும் என்று அந்த விதி கட்டாயப்படுத்துகிறது. கதவைச் சாத்திக்கொண்டு தனியாக அழவிடவில்லை. ‘மனசு போதும்’ என்றிருந்தால் அவன் கதவைச் சாத்தியிருப்பான்.

2020-ல் கொரோனா வந்தபோது இந்தப் பத்துப் பேர் கம்ப்யூட்டர் திரையில் கூடினால் போதுமா என்று பெரிய விவாதம். மரபுவாத ரபிக்கள் பெரும்பாலும் கூடாது என்றார்கள். கன்சர்வேடிவ் என்கிற இன்னொரு பிரிவு, ஆபத்துக் காலம் என்பதால் சரி என்றது. ஆக, உப்பளத்து அம்மாவின் வழக்கு உலக வழக்குதான்!

‘எங்களுக்கு ரபி எல்லாம் வேண்டாம் சார், கண்ணப்ப நாயனார் இருக்கார்’ என்று நீங்கள் சொல்வது காதில் விழுகிறது. மனசுக் கட்சியின் நட்சத்திரப் பேச்சாளர் அவர்தான். ஆனால், பெரிய புராணத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். திண்ணன் என்ற வேடன் காளத்தி மலையில் என்ன செய்தான்? ஒரு பிராமணர் இங்கே தண்ணீர் ஊற்றி, இலையும் பூவும் போட்டு, உணவு படைப்பார் என்று கூட வந்த நாணன் சொல்லத் தெரிந்துகொண்டான். வாயில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினான். அது அபிஷேகம். தலைமுடியில் செருகி வந்த பூவைச் சாத்தினான். அர்ச்சனை. கடித்துப் பார்த்துப் பதமான கறியை வைத்தான். நைவேத்தியம். அப்புறம் ராத்திரி முழுக்க வில்லோடு காவல் நின்றான். கவனித்தீர்களா? அவன் சடங்கை விடவில்லை. தனக்குத் தெரிந்த மட்டும், கையில் இருந்த பொருளை வைத்து, ஒன்றுவிடாமல் செய்தான். மரத்தடியில் படுத்துக்கொண்டு ‘மனசு போதும்’ என்று சொல்லவில்லை. கண்ணைப் பெயர்த்துக் கொடுக்கும்போதுகூட, அடுத்த கண்ணும் போனால் இடம் தெரியாதே என்று காலை வைத்து அடையாளம் பண்ணிக்கொண்ட ஆள் அவன்!

அந்தக் கதையில் நம் சொற்பொழிவாளர்கள் சிவகோசரியாரைக் கிண்டல் செய்வார்கள். சேக்கிழார் செய்யவில்லை. எலும்பும் கறியும் கிடந்த சன்னிதியைப் பார்த்துப் பதறிய அந்த மனிதர், தினமும் சுத்தம் செய்து, தினமும் மறுபடி முறைப்படி பூஜை செய்கிறார். கோபித்துக்கொண்டு வேறு கோயிலுக்குப் போகவில்லை. அவருக்குத்தான் சிவன் கனவில் வந்து திண்ணனின் அன்பைச் சொல்கிறார், ஒளிந்திருந்து பார் என்கிறார். பார்த்துப் புரிந்துகொள்ளக்கூடிய ஆள் என்று நம்பித்தானே காட்டினார்?

பூசலார் கதையும் அப்படித்தான். கையில் காசு இல்லாததால் திருநின்றவூரில் மனசுக்குள்ளேயே கோயில் கட்டியவர். கற்பனைதானே, ஒரே நாளில் கட்டி முடித்திருக்கலாம். அவர் நாள் பார்த்து, ஆகம விதிப்படி அஸ்திவாரம் போட்டு, சிகரம் வைத்து, கிணறு தோண்டி, மதில் எழுப்பி, கும்பாபிஷேகத்துக்குத் தேதி குறித்தார். மனக்கோயிலுக்கே பிளான் அப்ரூவல் வாங்கிய மாதிரி! அந்தக் கிணறு எனக்கு ரொம்பப் பிடிக்கும். மனசுக்குள் கட்டுகிற கோயிலுக்குத் தண்ணீர் எதற்கு? ஆனாலும் தோண்டினார்.

காமர்ஸ்காரனாக ஒன்று சொல்லிக்கொள்கிறேன். கணக்கியலில், வடிவத்தைவிடச் சாரம் பெரிது என்று ஒரு தத்துவம் உண்டு. ஹையர் பர்ச்சேஸில் லாரி வாங்கினால், கடைசித் தவணை கட்டும் வரை சட்டப்படி அது ஃபைனான்ஸ்காரனுடையது. ஆனால், வாங்கியவன் கணக்குப் புத்தகத்தில்தான் அதைச் சொத்தாகக் காட்டுவோம். காகிதம் என்ன சொன்னாலும் ஓட்டுகிறவன் அவன்தானே? மனசுக் கட்சிக்கு நல்ல பாயின்ட். ஆனால், அதே ஆடிட்டரிடம் போய், ‘செலவு பண்ணணும்னு முழு மனசோட நெனச்சேன், வவுச்சர்தான் இல்லை’ என்று சொல்லிப் பாருங்கள்.

உப்பளத்திலிருந்து கூப்பிடு தூரத்தில், ரயில்வே ஸ்டேஷன் பக்கம், தூய இருதய ஆண்டவர் கோயில் இருக்கிறது. 1960-களில் இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு உலகம் முழுக்க லத்தீன் பூசை போய், அந்தந்த ஊர் மொழி வந்தது. நல்ல மாற்றம். மக்களுக்குப் புரியாத பூசையில் மக்களுக்கு என்ன வேலை? ஆனாலும் எங்கள் தெருவில் இருந்த ஒரு கிழவி கடைசி வரை லத்தீனில்தான் முணுமுணுப்பார். அர்த்தம் தெரியுமா என்று கேட்டால், “தெரியாது தம்பி. எங்க ஆத்தா சொன்னது. இதச் சொன்னா ஆத்தா பக்கத்துல ஒக்காந்திருக்கிற மாதிரி இருக்கும்” என்பார். புரியாத சொல்லுக்குள் மனசு இருக்காது என்று சொல்கிறவர்களுக்கு அந்தக் கிழவியை நான் காட்டியிருப்பேன்.

சரி, ஓரமாக வைத்த கேள்விக்கு வருவோம்.

‘உனக்கு மனசு போதும்’ என்ற வாக்கியத்தை இந்த நாட்டில் அதிகம் கேட்டவர்கள் யார்? கோயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள். ‘நீ அங்கேயே நின்னு கும்பிடு, உன் பக்தி சாமிக்குத் தெரியும்’ என்று எவ்வளவு இனிப்பாகச் சொல்லிவிடலாம்! திருப்புன்கூரில் நந்தனாருக்காக நந்திதான் விலகியது. வாசல்படி விலகவில்லை. உள்ளே இருப்பவனுக்குச் சடங்கு, வெளியே இருப்பவனுக்கு மனசு என்று பங்கு பிரித்துக் கொடுத்துவிட்டு, மனசுதான் உசத்தி என்று பாட்டும் பாடினோம்.

அதனால்தான் பாரதி கனகலிங்கத்தைத் தட்டிக்கொடுத்து அனுப்பவில்லை என்று நினைக்கிறேன். கையில் ஒரு கிள்ளு மனசைக் கொடுத்து ஏமாற்றாமல், மறுக்கப்பட்ட அந்தச் சடங்கையே கொடுத்தார். தனக்கு வேண்டாம் என்று விடும் உரிமை இருப்பவன் விடலாம். கதவே திறக்காதவனிடம் ‘உள்ளே ஒண்ணும் பெரிசா இல்லப்பா’ என்று சொன்னால் அவனுக்கு எப்படி இருக்கும்? பூணூல் போட்டு மேலே ஏற்றிவிட்டாரே தவிர ஏணியை உடைக்கவில்லையே என்று விமர்சிப்பவர்கள் உண்டு. நியாயமான விமர்சனம்தான். ஆனால், 1913-ல் அந்தப் பையன் காதில் விழுந்தது முழு மந்திரம், சலுகை விலைப் பதிப்பு இல்லை.

நூறு வருஷம் கழித்தும் கதை முடியவில்லை. எல்லா சாதியினரும் அர்ச்சகர் ஆகலாம் என்று தமிழ்நாட்டில் 2006-ல் அரசாணை வந்தது. பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து மந்திரம், ஆகமம் எல்லாம் படித்து முடித்தவர்கள் கோர்ட்டுக்கும் வீட்டுக்குமாகக் காத்திருந்தார்கள். அவர்களில் 24 பேருக்கு அர்ச்சகர் வேலைக்கான ஆணை கிடைத்தது 2021 ஆகஸ்ட்டில். உச்சரிப்பு சரியா, முறை தெரியுமா என்ற கேள்விக்கு அவர்களிடம் பதில் இருந்தது. அவர்களிடம் கேட்கப்பட்ட கேள்வி வேறு. முறை முறை என்று பேசுகிறவர்கள் நிஜமாகவே முறையைத்தான் காப்பாற்றுகிறார்களா என்று சோதிக்க, இதைவிட நல்ல பரீட்சை எனக்குத் தெரியவில்லை.

அந்த அம்மாவுக்கு நான் என்ன சொன்னேன் என்று கேட்பீர்கள். சட்டம் எதுவும் சொல்லவில்லை. ‘சங்கல்பம்’ என்று ஐயர் ஆரம்பத்தில் சொல்வாரே, அதை நினைவுபடுத்தினேன். நான் இன்னார், இந்த நாளில், இந்த இடத்தில், இன்னாருக்காக இதைச் செய்கிறேன் என்று வாயால் சொல்லுவது. மனசைத் திருப்புகிற வேலைக்கு நம் முறையிலேயே ஒதுக்கி வைத்திருக்கிற இடம் அது. நாம்தான் வாட்ச்சைப் பார்த்துக்கொண்டே அதைச் சொல்கிறோம். “பிள்ளையை அது ஒண்ணை மட்டும் அர்த்தம் கேட்டுச் சொல்லச் சொல்லுங்கம்மா. மீதியை ஐயர் பார்த்துப்பார். முதியோர் இல்லத்துக்கும் பணம் கட்டட்டும். ஆனா, இதுக்குப் பதிலா அது வேண்டாம்” என்றேன். பணம் கட்டுவதற்கு ஒரு நிமிஷம் போதும். அப்பாவுக்காக ஒரு காலைப் பொழுதை விடுவதுதான் அவனுக்கு நிஜமான செலவு என்று எனக்குப் பட்டது.

திதி அன்று இங்கே காலை பதினொன்றரை மணி, பாரீஸில் ஏழு. குளிர்காலம், இன்னும் இருட்டு. பையன் குளித்துவிட்டு வேட்டியோடு செல்போன் முன்னால் உட்கார்ந்திருந்தான். பரத கண்டம் என்று சொல்ல வேண்டிய இடத்தில் பாரீஸுக்கு என்ன சொல்வது என்று ஐயர் ஒரு நிமிஷம் முழித்தார். பையன் ஒவ்வொரு வரிக்கும் நிறுத்தி அர்த்தம் கேட்டான். அரை மணியில் முடிய வேண்டியது ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று. ஐயருக்கு அடுத்த வீட்டுக்கு லேட். அப்பா பெயரையும் தாத்தா பெயரையும் சொல்லி முடித்து, கொள்ளுத் தாத்தா பெயர் என்ன என்று கேட்டபோது பையனுக்குத் தெரியவில்லை. அம்மாதான் திரைக்குப் பக்கத்தில் போய் எடுத்துக் கொடுத்தார்.

முடிந்ததும் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“சோறு வெச்சியா தம்பி? அங்க காக்கா வருமா?”